1971ல் மூணு பாய்லரோட விக்ராந்தைக் கிழக்கே அனுப்பினது சரியா?

மணலி_ஜூனியர்:
காட்டுப்பள்ளி இழையில ஆரம்பிச்ச பேச்சு வேற பக்கம் போயிட்டதால தனியா போடுறேன். புது விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை நிறுத்த காட்டுப்பள்ளித் துறைமுகத்துல பெர்த் குத்தகைக்கு எடுக்கப் போறாங்கன்னு 2022ல செய்தி வந்துச்சில்ல, அங்க ராயபுரம் அண்ணன், "விக்ராந்துங்கிற பேருக்கு நம்ம ஹார்பர் புதுசில்ல, 71 போருக்கு முன்னாடி பழைய கப்பல் மெட்ராஸ்லதான் பராமரிப்பு பார்த்துட்டுப் போச்சு"ன்னு எழுதினார். எண்ணூர் அண்ணன் உடனே, "ஒரு பாய்லர் செத்த கப்பலைப் போருக்கு அனுப்பினதுல என்ன பெருமை"ன்னு கேட்டார். ரெண்டு பேரும் இங்கயே பேசி முடிங்க. எனக்கு முதல்ல அந்த பாய்லர் கதை தெரியணும்.

எண்ணூர்_பாய்லர்:
சுருக்கமா சொல்றேன் தம்பி. அந்தக் கப்பல்ல இருந்தது நாலு அட்மிரால்டி மூணு டிரம் பாய்லர். மேல ஒரு ஸ்டீம் டிரம், கீழ ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வாட்டர் டிரம், நடுவுல நூத்துக்கணக்கான டியூப். முன்னாடி இருந்து பார்த்தா கூரை மாதிரி முக்கோணம். எரிப்பு நடுவுல, எரிபொருள் ஃபர்னஸ் ஆயில். நாலும் சேர்ந்து 40,000 குதிரைத்திறன், ரெண்டு டர்பைன் செட், ரெண்டு ஷாஃப்ட் (உந்துதண்டு), வேகம் 24 - 25 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்).

1970 ஜூன்ல பம்பாய் நேவல் டாக்யார்டுல திறந்து பார்த்தப்ப வாட்டர் டிரம்கள்ல களைப்பு விரிசல், அதாவது அழுத்தம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கறதால வர்ற விரிசல். வெல்டிங் பண்ணி அடைக்க முடியாதுன்னு முடிவாச்சு. உள்நாட்டுல மாத்து டிரம் கிடையாது, பிரிட்டனுக்கு நாலு டிரம் ஆர்டர் போட்டாங்க. அது வர்றதுக்குள்ள போர் வந்துருச்சு. மீதி மூணு பாய்லரைச் சுத்தி இரும்புப் பட்டை கட்டி, நீராவி கசியுதான்னு பார்க்க ஜன்னல் வச்சு, வேகத்தை 14 நாட்னு வரம்பு கட்டி அனுப்பினாங்க.

ஏன் வெல்டிங் ஆகாதுன்னு கேப்பே. வாட்டர் டிரம்மோட உடம்பு முழுக்க டியூப் நுழையற ஓட்டை. ரெண்டு ஓட்டைக்கு நடுவுல இருக்கிற குறுகலான இரும்புதான் மொத்த அழுத்தத்தையும் தாங்குது. விரிசல் வர்றதும் அங்கதான். அங்க வெல்டிங் பண்ணினா அந்தச் சூட்டுல பக்கத்து இரும்பு இறுகி உள்ளுக்குள்ள இழுவிசை மாட்டிக்கும். அதை எடுக்க டிரம்மை முழுசா வெளியே கொண்டாந்து உலையில வச்சு மெதுவா ஆத்தணும். கப்பலுக்குள்ள வச்சுக்கிட்டு அதெல்லாம் நடக்காது.

இதே டிரம் எண்ணூர் அனல்மின் நிலையத்துல இருந்திருந்தா பாய்லர் இன்ஸ்பெக்டர் சர்டிபிகேட்டைக் கையில எடுத்துட்டுப் போயிருப்பார். அப்ப இருந்த 1923 பாய்லர் சட்டம் கடற்படைக்குப் பொருந்தல, அதனால தப்பிச்சது. 1,000 பேருக்கு மேல இருக்கிற கப்பல் அது. அந்த இரும்புப் பட்டை டிரம் வெடிக்கிறதை நிறுத்தாது, டிரம்மோட உடம்பைப் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான்.

ராயபுரம்_தூண்டில்வளைவு:
எண்ணூராரே, பாய்லர் விஷயத்தில் உங்களோடு மோதப் போவதில்லை. ஆனால் நீங்கள் சொன்ன விதத்தில் கேட்டால் ஏதோ ஒரு நாள் காலையில் பட்டையைக் கட்டிப் போருக்கு அனுப்பிய மாதிரி இருக்கிறது. காலவரிசையைப் பாருங்கள்.

1971 மார்ச் 1ஆம் தேதி பாய்லர் பற்றவைத்தார்கள். அன்றே கேட்டபுல்ட் (கப்பலிலிருந்து விமானத்தைத் தள்ளிவிடும் கருவி) சோதனை. மார்ச் 18 முதல் கடல் ஓட்டம். ஏப்ரல் கடைசியில் மறுபடி. உந்துசுழலி நிமிடத்துக்கு முன்னோக்கி 120 சுற்று, பின்னோக்கி 80 சுற்று, அதற்கு மேல் கிடையாது. ஜூனில் ஆழ்கடல் சோதனை. ஜூலை 23 பம்பாயிலிருந்து கிளம்பி 26 கொச்சி. ரேடார், தகவல் தொடர்பு சோதனை முடித்து 28ஆம் தேதி மெட்ராசுக்கு, பிரம்மபுத்ரா, பியாஸ் போர்க்கப்பல்கள் இரண்டும் துணைக்கு. செப்டம்பர் கடைசியில் போர்ட் பிளேர், அங்கிருந்து விசாகப்பட்டினம், அங்கிருந்து பராமரிப்புக்கு மெட்ராஸ். பாகிஸ்தான் முந்திக்கொண்டு அடிக்கலாம் என்று தகவல் வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு அக்டோபர் 26 - 27 இரவு விசாகப்பட்டினத்தில் பயிற்சி. முடித்ததும் மறுபடி மெட்ராஸ். நவம்பர் 1 கிழக்குக் கடற்படைத் தொகுதி முறையாக அமைக்கப்பட்டது. நவம்பர் 13 அந்தமானுக்குப் புறப்பாடு.

எட்டரை மாதம் ஓட்டிப் பார்த்த பாய்லர் இது. அதற்குப் பிறகும் சூதாட்டம் என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பே இல்லை.

இன்னொன்று, கணக்கு. கப்பல் தள்ளத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 24.5 நாட்டுக்கு 40,000 என்றால் 14 நாட்டுக்கு ஏறத்தாழ 7,500 குதிரைத்திறன் போதும். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று பாய்லருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கால்வாசிச் சுமை. கப்பலைத் தள்ளுவதற்கு நான்காவது பாய்லர் தேவையே இல்லை.

எண்ணூர்_பாய்லர்:
கணக்கு சரி, அதுல இருந்து எடுத்த முடிவுதான் தப்பு. டிரம்மைக் கிழிக்கிறது அழுத்தம். சுமை இல்ல. கால்வாசி எண்ணெய் எரிச்சாலும் டிரம்முக்குள்ள அழுத்தம் அதேதான், சுவர்ல இழுப்பும் அதேதான். சுமை குறைஞ்சா சூட்டு வித்தியாசம் குறையும், அது ஒண்ணுதான் லாபம். அழுத்தத்தையே இறக்கினா டிரம் பிழைக்கும், ஆனா கேட்டபுல்ட் என்ன ஆகும்?

அந்த கேட்டபுல்ட் நீராவி கேட்டபுல்ட். விமானத்தை ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் நீராவியை நிறைய இழுத்துட்டுப் போகும். பாய்லர் அழுத்தம் சட்டுனு இறங்கும், உடனே எரிப்பைக் கூட்டணும், திரும்ப ஏறும். எட்டு விமானம் வரிசையா போச்சுன்னா எட்டு தடவை ஏத்தம் இறக்கம். விரிசல் வளர்றது இந்த ஏத்த இறக்கத்துலதான். நிதானமா ஒரே அழுத்தத்துல ஓடுற பாய்லர்ல விரிசல் தூங்கும்.

அதோட தண்ணி. கேட்டபுல்ட்டுக்குப் போன நீராவி, அதைத் திரும்பத் தண்ணியாக்கற கண்டென்சருக்குத் திரும்பாது, காத்துல போயிரும். அந்த அளவுக்குப் புதுசா கடல்தண்ணியைக் காய்ச்சி வடிச்ச தண்ணி வேணும். வடிப்பான் கொஞ்சம் தடுமாறினா உப்பு உள்ள போகும். உப்பு போனா விரிசல் முனையில அரிப்பு. விமானம் அனுப்பாம வெறுமனே ஓட்டிப் பார்த்த மார்ச், ஏப்ரல் ஓட்டமெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

மணலி_ஜூனியர்:
அண்ணே, அப்ப 14 நாட் வேகத்துல விமானம் எப்படி ஏறும், எப்படி இறங்கும்? ஜெட் விமானத்துக்குக் காத்து வேணாமா?

காசிமேடு_விசைப்படகு:
காத்து நான் சொல்றேன் தம்பி. டிசம்பர்ல நம்ம பக்கம் வாடை பலமா அடிக்கும், கடல் கொந்தளிக்கும். அதை வச்சு சிட்டகாங் பக்கமும் அப்படித்தான்னு நினைச்சுக்காத. வங்கக்கடல் தலைமாட்டுல, 20 - 21 டிகிரி அட்சரேகைல, அந்த மாசம் வடக்குக் காத்து மெலிசுதான். 5 நாட், 10 நாட், அவ்ளோதான். சில நேரம் சுத்தமா செத்துடும். கடல் தட்டு மாதிரி கெடக்கும். படகுக்காரனுக்கு சொர்க்கம், விமானந்தாங்கிக் கப்பலுக்கு, கேரியருக்குத் தலைவலி.

டெக் (கப்பலோட மேல்தளம்) மேல காத்துன்றது கப்பல் வேகமும் இயற்கைக் காத்தும் சேர்ந்தது. 25 நாட் ஓடுற கப்பல், 8 நாட் காத்து, மொத்தம் 33. 14 நாட் கப்பல்னா 22. அந்த 11 நாட்டை விமானம் எங்கியாச்சும் தேடிக்கணும்.

வடக்குக் காத்துன்னா இன்னொரு வம்பு. காத்துக்கு எதிரா ஓடித்தான் விமானம் அனுப்பணும், இறக்கணும். அப்படின்னா ஒவ்வொரு வாட்டியும் கப்பல் வடக்கால, கரைப்பக்கம், ஆழம் கொறைஞ்ச பக்கம் ஓடுது. முடிஞ்சதும் திரும்பித் தெக்கால வரணும். மெதுவான கப்பல்னா அந்தத் திரும்பி வர்ற நேரமும் ஜாஸ்தி.

ராயபுரம்_தூண்டில்வளைவு:
அதற்குத்தான் எடையைக் குறைத்தார்கள். விமானம் விழாமல் பறக்கத் தேவையான குறைந்த வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு போகும். எடையில் 10 சதவீதம் இறக்கினால் அந்த வேகத்தில் 5 சதவீதம் குறையும். 80 நாட் என்று வைத்துக்கொண்டால் 4 நாட் லாபம். அலிஸே முழுச் சுமையில் 8 டன்னுக்கு மேல் வரும் டர்போபிராப் விமானம். எரிபொருளையும் குண்டையும் குறைத்தால் பறக்கும் நேரம் சுருங்கும், ஆனால் டெக்கில் இறங்கும். இந்தக் கவலையை எழுப்பியதே கப்பலின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ். வேக வரம்பை வைத்துக்கொண்டு அலிஸேயை ஏற்ற முடியுமா என்று தலைமையகம் கேட்டது. எடையைக் குறைத்து ஏற்றினார்கள், சீ ஹாக் ஜெட் விமானப் படையும் கூடவே ஏறியது.

விளைவைப் பாருங்கள். டிசம்பர் 4, 8 சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங் மீது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை மூழ்கின அல்லது அடிபட்டன. பிறகு குல்னா, மோங்லா, 10ஆம் தேதி வரை. 14ஆம் தேதி சிட்டகாங் கன்டோன்மென்ட். அலிஸே காக்ஸ் பஜாரைத் தொடர்ந்து தாக்கியது. கிழக்கில் கடல் வழியாகத் தப்பிக்கும் வாசல் மூடப்பட்டது. அந்தக் கப்பலுக்கு 2 மகாவீர் சக்ரா, 12 வீர் சக்ரா.

எண்ணூர்_பாய்லர்:
யாரை எதிர்த்து? கிழக்கு பாகிஸ்தான்ல இருந்தது டாக்காவுல ஒரே ஒரு சேபர் போர் விமானப் படை. அங்க இருந்த தேஜ்காவ் ஓடுபாதையை நம்ம விமானப்படை முதல் சில நாள்லயே குழி போட்டு முடக்கிருச்சு. கடல்ல இருந்தது ரோந்துப் படகுகள். கேரியரைத் தாக்க வானத்துல ஒண்ணும் இல்ல. சிட்டகாங் வரைக்கும் போக விமானப்படைக்குக் கரையில தளம் இருந்துச்சு. அதே வேலையை அவங்க பண்ணியிருக்க மாட்டாங்களா?

ராயபுரம்_தூண்டில்வளைவு:
பண்ணினார்கள். டிசம்பர் 10 குல்னாவில் என்ன நடந்தது என்று தெரியுமா? வங்கதேச விடுதலைப் படையான முக்தி பாஹினிக்காக நம் கடற்படை ஓட்டிய பத்மா, பலாஷ் என்ற இரண்டு துப்பாக்கிப் படகுகள், கூட நம் பன்வேல் படகு. நம் விமானப்படை விமானங்களே எதிரி என்று நினைத்து அடித்தன. பத்மாவும் பலாஷும் போய்விட்டன. விமானிகளைக் குறை சொல்லவில்லை. ஆற்று முகத்தில் மேலிருந்து பார்த்தால் படகுக்குப் படகு வித்தியாசம் தெரியாது. கப்பலை அடையாளம் காணப் பழகிய விமானி, கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரிந்த தலைமை, ஒரே அலைவரிசையில் பேசும் டெக், இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதுதான் கேரியர். கரையிலிருந்து எத்தனை ஹண்டர் விமானம் அனுப்பினாலும் அது வராது.

காசிமேடு_விசைப்படகு:
இது ஒத்துக்க வேண்டிய பாயிண்ட். மேல இருந்து பாத்தா எல்லாப் படகும் ஒண்ணுதான்.

கொருக்குப்பேட்டை_யார்டு:
நான் எண்ணூர் கட்சி, ஆனா 71 மட்டும் வச்சு இல்ல. மொத்த சேவையையும் பாருங்க. 1961 மார்ச் 4 பெல்ஃபாஸ்ட்ல கமிஷன், 1997 ஜனவரி 31 ஓய்வு. ஏட்டுல 36 வருஷம். அதுல 1965 போர்ல பம்பாய் டாக்ல. பாகிஸ்தான் "மூழ்கடிச்சிட்டோம்"னு சொன்னப்ப அது டாக்லயே பத்திரமா நின்னுச்சு, அதுவே ஒரு கூத்து. 70 ஜூன்லேர்ந்து 71 பிப்ரவரி பாய்லர். 79 - 81 பெரிய ரீஃபிட் (பழுது பார்த்துப் புதுப்பிக்கிறது). 87 - 89 அடுத்தது. 91ல ஆறு மாசம். 92 - 94ல பதினாலு மாசம். கடைசியா கடலுக்குப் போனது 1994 நவம்பர் 23. அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல சும்மா மிதந்துச்சு. கூட்டிப் பாருங்க, கிட்டத்தட்ட பத்து வருஷம் கரையோரம். 1961 கோவா நடவடிக்கையில குண்டு போடல, வெளியில ரோந்து. நிஜமா சண்டை போட்டது பத்து நாள் சொச்சம்.

ராயபுரம்_தூண்டில்வளைவு:
கொருக்குப்பேட்டையாரே, அந்தக் கப்பல் எதற்காகக் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 1943 அக்டோபர் 14 டைன் நதிக்கரையில் விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங் யார்டில் அடித்தளம், பெயர் ஹெர்குலஸ். போர்க்கால அவசரத்தில் வடிவமைத்த இலகு கேரியர் குடும்பம் அது. கவசம் கிடையாது. உடலின் பெரும்பகுதி வணிகக் கப்பல் தரத்தில். சீக்கிரம் கட்டணும், போர் முடியும் வரை ஓடினால் போதும். சேவைக்கு வந்து மூன்று வருஷத்துக்கு மேல் எதிர்பார்ப்பே இல்லாத வடிவமைப்பு.

1945 செப்டம்பர் 22 மிதக்கவிட்டார்கள். எம்டன் நம் ஹார்பரைச் சுட்ட அதே செப்டம்பர் 22, 31 வருஷம் கழித்து. அதற்குள் போர் முடிந்துவிட்டது. 1946ல் வேலை நிறுத்தம். 1957 ஜனவரியில் இந்தியா வாங்கும் வரை பாதிக் கப்பலாகக் கிடந்தது. பிறகு பெல்ஃபாஸ்டில் ஹார்லண்ட் அண்ட் வோல்ஃப் யார்டில் கோண டெக், நீராவி கேட்டபுல்ட், மாற்றிய தீவு மேடை (டெக்கின் ஓரத்தில் நிற்கும் கட்டுப்பாட்டுக் கட்டடம்). மூன்று வருஷத்துக்கு வரைந்த உடலை 36 வருஷம் ஓட்டினால் பத்து வருஷம் டாக் பெரிய விஷயமா?

எண்ணூர்_பாய்லர்:
நீங்களே என் வேலையைச் சுலபமாக்கிட்டீங்க. 1940கள்ல போட்ட பாய்லர், பத்து வருஷத்துக்கு மேல முடிக்காம கிடந்த கப்பல். அப்படி ஒரே ஒரு கேரியரை வச்சிருக்கிற நாடு முதல் நாளே உதிரிக் கையிருப்பு வச்சிருக்கணும். வாய்ப்பும் இருந்துச்சு. விக்ராந்த் சேர்ந்த அதே மெஜஸ்டிக் வகுப்புல லெவியத்தான்னு ஒரு தங்கைக் கப்பல் கடைசி வரைக்கும் முடிக்காமலே கிடந்துச்சு. அதோட பாய்லரை டச்சுக்காரன் வாங்கி அவனோட காரெல் டோர்மன் கேரியர்ல போட்டான். அந்தக் கப்பல் கொலோசஸ் வகுப்பு, அடிப்படை இயந்திரம் ஒண்ணுதான். லெவியத்தான் 1968ல உடைப்புக்குப் போச்சு. நம்ம ஆளுங்க அப்ப எங்க இருந்தாங்க? 1970ல விரிசல் பார்த்துட்டு பிரிட்டன்ல புது டிரம் செய்யச் சொல்லி ஆர்டர் போட்டா யாரு உடனே செஞ்சு தருவா? அந்த அளவு டிரம்மை அப்ப யாரும் வழக்கமா செய்யறதே இல்ல. போன ஆர்டர் வரிசையில நின்னிருக்கும்.

ராயபுரம்_தூண்டில்வளைவு:
விரிசல் தெரிந்ததே 70 ஜூனில். 68ல் யாருக்குத் தெரியும்?

எண்ணூர்_பாய்லர்:
தெரியாததுக்குத்தான் கையிருப்பு. தெரிஞ்சப்புறம் வாங்கறதுக்குப் பேரு அவசரம்.

மணலி_ஜூனியர்:
பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி விஷயம் என்ன அண்ணே? மெட்ராஸ் பக்கம் வந்துச்சுன்னு சொல்றாங்களே.

ராயபுரம்_தூண்டில்வளைவு:
வந்தது. காஸி நவம்பர் 14 கராச்சியிலிருந்து கிளம்பியது, விக்ராந்தைத் தேடி. அமெரிக்காவிடமிருந்து குத்தகைக்கு வந்த டென்ச் வகுப்பு, பழைய பெயர் டையாப்லோ. பாகிஸ்தானிடம் வங்கக்கடல் வரை வந்து வேலை செய்யும் தூரம் உள்ளது அது ஒன்றுதான். 23ஆம் தேதி வாக்கில் மெட்ராசுக்கு அருகே. விக்ராந்த் 13ஆம் தேதியே கிளம்பிவிட்டது, அந்தமானில் ஒதுக்குப்புறமான நங்கூரத்தில். இங்கே மெட்ராசுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் நடுவில் இருப்பது போலப் போலி சிக்னல். விசாகப்பட்டினத்துக்கு வெளியே ராஜ்புத் என்ற பழைய டெஸ்ட்ராயர் விக்ராந்த் மாதிரி ரேடியோ பேச்சைக் கிளப்பிக்கொண்டிருந்தது. காஸி அங்கே போய் டிசம்பர் 3 - 4 இரவில் மூழ்கியது.

கொருக்குப்பேட்டை_யார்டு:
ராஜ்புத் குண்டு போட்டதா, தானே வச்ச கண்ணிவெடியா, உள்ளுக்குள்ள வெடிச்சதா? அதைச் சொல்லுங்க முதல்ல.

நெறியாளர்:
காஸி எப்படி மூழ்கியது என்பதற்கு ஏற்கெனவே நான்கு இழை ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே வேண்டாம். விக்ராந்தோடு நிறுத்துங்கள்.

எண்ணூர்_பாய்லர்:
சரி, மூழ்கினதை விடுங்க. மூழ்காம அந்தமான் பக்கம் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கணக்குப் போடுவோம். காஸி தண்ணிக்கடியில அதிகபட்சம் 8.75 நாட், அதுவும் பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிக்காது. 14 நாட் கப்பலைத் துரத்திப் பிடிக்க முடியாது, அது உண்மை. ஆனா முன்னால காத்திருக்கலாம். கப்பல் போற திசைக்கு ரெண்டு பக்கமும் எத்தனை டிகிரிக்குள்ள இருந்தா நீர்மூழ்கி வந்து சேர முடியும்கிறது ரெண்டு வேகத்தோட விகிதம். 8.75ஐ 14ஆல வகுத்தா 0.625, கோணம் 39 டிகிரி. கப்பல் 24 நாட் ஓடியிருந்தா 21 டிகிரி. ஆக ரெண்டு பக்கமும் சேர்த்து 42 டிகிரியா இருக்க வேண்டிய ஆபத்து முகப்பு 78 ஆச்சு. அதை மூட இருந்தது பிரம்மபுத்ரா, பியாஸ், கமோர்த்தா, கவரத்தி, நாலே கப்பல். அதோட காத்துக்கு எதிரா விமானம் அனுப்பும்போது நேர்கோட்டுல ஓடணும், வளைஞ்சு நெளிஞ்சு போக முடியாது. காத்து வடக்குன்னு எல்லாருக்கும் தெரியும். நீர்மூழ்கி கேப்டனுக்கு இதைவிட என்ன வேணும்?

ராயபுரம்_தூண்டில்வளைவு:
இந்தக் கணக்கை நான் முழுசாக ஏற்கிறேன், அதனால்தான் மறைத்து வைத்தார்கள் என்கிறேன். வேகம் இல்லாத கப்பலுக்கு இருக்கும் ஒரே கவசம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது. மெட்ராஸ் ஹார்பரில் தொடர்ந்து வைத்திருந்தால் அது கிடைத்திருக்காது. ஒரே வாய், வாய்க்கு வெளியே திறந்த கடல், பீச் ஸ்டேஷன் மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும் அளவுக்கு 213 மீட்டர் நீளக் கப்பல். எம்டன் வந்து சுட்டுவிட்டுப் போன கடற்கரைதான் இது. பின்னோக்கி 80 சுற்றுதான் என்ற கட்டுப்பாட்டோடு அந்த வாயில் டக் (இழுவைப் படகு) இல்லாமல் நுழையவே முடியாது. அவசரமாக வெளியேறவும் முடியாது. அக்டோபர், நவம்பர் புயல் காலம் வேறு.

நீங்கள் அனுப்பியதே தவறு என்கிறீர்கள். அப்போதைய ஃப்ளீட் ஆபரேஷன்ஸ் அதிகாரி ஹிராநந்தானி கடற்படைத் தலைவர் அட்மிரல் நந்தாவிடம் சொன்னது வேறு: 65ல் உள்ளே உட்கார்ந்த மாதிரி 71லும் உட்கார்ந்தால் இதை வெள்ளை யானை என்பார்கள், கடற்படை விமானப் பிரிவையே தேவையில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். விமானமே பறக்காவிட்டாலும் கப்பல் வெளியே நிற்க வேண்டும்.

எண்ணூர்_பாய்லர்:
அதைத்தான் நானும் பிடிச்சுக்கறேன். "விமானமே பறக்காவிட்டாலும்". அது போர்த் தேவை இல்ல, துறையோட பேரைக் காப்பாத்தற தேவை. அதுக்காக விரிசல் விட்ட டிரம் பக்கத்துல ஸ்டோக்கர்களை (பாய்லர் ஆட்களை) நிக்க வச்சது எனக்கு ஒப்பலை. ஜெயிச்சதால இன்னிக்குப் பாராட்டறோம்.

ராயபுரம்_தூண்டில்வளைவு:
பேரைக் காப்பாற்றியதால்தான் 83ல் சீ ஹாரியர் ஜெட் விமானம் வந்தது. அதற்கு முன் 79 - 81 ரீஃபிட்டில் பாய்லர் வேலை முடிந்தது. அடுத்த ரீஃபிட்டில் நீங்கள் திட்டும் கேட்டபுல்ட்டைக் கழற்றி எறிந்து 9.75 டிகிரி ஸ்கீ ஜம்ப் (விமானம் ஓடி எழும்பும் சரிவு) போட்டார்கள். அடுத்த கேரியர் விராட் 1987ல் வந்தது. 71ல் கப்பலைக் கட்டிப் போட்டிருந்தால் இந்த வரிசை ஒன்றும் நடந்திருக்காது.

கொருக்குப்பேட்டை_யார்டு:
கடைசியில என்ன ஆச்சு? 2001ல மியூசியம், 2012ல மூடினாங்க, 2014ல மும்பை தாருகானாவுல உடைக்கக் கட்டர் போட்டாங்க. உடல் வணிகக் கப்பல் தரம்னு நீங்களே சொன்னீங்க. தண்ணில விட்டு வச்சா வருஷா வருஷம் டாக், தகடு மாத்தணும். மியூசியம் ஆக்கணும்னா 97லயே கரையேத்திக் கான்கிரீட் தொட்டியில நிறுத்தியிருக்கணும். சரி, அது வேற இழை.

மணலி_ஜூனியர்:
ஒரு சந்தேகம். இந்தக் கப்பல் 14 நாட்ல 12,000 கடல் மைல் போகும்னு போட்டிருக்கு. டிசம்பர் 2லேர்ந்து 14 வரைக்கும் 12 நாள். 24 மணி நேரமும் 14 நாட் ஓடினாக்கூட 4,000 மைல்தான் ஆகுது. ஆனா 14ஆம் தேதிக்கு எண்ணெய் 25 சதவீதத்துக்குக் கீழ இறங்கி பாராதீப் போச்சுன்னு படிச்சேன். மீதி எங்க போச்சு?

எண்ணூர்_பாய்லர்:
நல்ல கேள்வி. முதல்ல, அது மெட்ராஸை விட்டது நவம்பர் 13, டிசம்பர் 2 இல்ல. நங்கூரத்துல நின்னாலும் ஜெனரேட்டர், வடிப்பான், குளிரூட்டி எல்லாத்துக்கும் நீராவி வேணும், பாய்லர் அணையாது. அடுத்தது, போர்ல எந்த நேரமும் நீராவி தயாரா இருக்கணும், அதனால மூணு பாய்லரும் எரியும். கால்வாசிச் சுமையில ஓடுற பாய்லர் எண்ணெயை நல்லா தின்னும். கேட்டபுல்ட் இழுத்த நீராவி தனி. சின்னத் துணைக்கப்பல்களுக்குக் கேரியர்ல இருந்து எண்ணெய் கொடுக்கிறதும் கடற்படைகள்ல வழக்கம். அந்த 12,000ங்கிறது புதுக் கப்பல், சுத்தமான அடிப்பாகம், அளவான எரிப்புன்னு போட்ட எண்.

காசிமேடு_விசைப்படகு:
அடிப்பாகத்தை லேசா சொல்லிட்டுப் போறீங்களே அண்ணே. மாசக்கணக்கா ஹார்பர்லயே கெடந்த ஒடம்பு, வெதுவெதுப்பான தண்ணி. சிப்பியும் பாசியும் அப்பிக்கினு இருக்கும். 60 அடி விசைப்படகே அடி சொரண்டலைன்னா அதே வேகத்துக்கு டீசல் எகிறும். 213 மீட்டர் கப்பலுக்குக் கேக்கணுமா?

எண்ணூர்_பாய்லர்:
அப்ப ராயபுரத்தார் போட்ட 7,500 குதிரைத்திறனும் சுத்தமான அடிக்குத்தான். 30 சதவீதம் ஏத்திப் போடுங்க.

ராயபுரம்_தூண்டில்வளைவு:
போட்டால் 9,750. நாலு பாய்லருக்கு 40,000 என்றால் ஒரு பாய்லரின் பங்கு 10,000. அப்போதும் ஒரு பாய்லரே கப்பலைத் தள்ளிவிடும், மீதி இரண்டு பாய்லரும் கேட்டபுல்ட்டுக்கும் மற்ற இயந்திரங்களுக்கும் மிச்சம்.

எண்ணூர்_பாய்லர்:
தாளில் மிச்சம். இயந்திர அறை ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பாய்லர், ஒரு டர்பைன். ஒரு அறையில ஏற்கெனவே ஒரு பாய்லர்தான் உயிரோட இருக்கு. அதுல டியூப் ஒண்ணு ஒழுகினாலும் அணைச்சு, ஆறவிட்டு, ஆள் உள்ள போய் டியூப்புக்கு ரெண்டு முனையிலயும் அடைப்பு அடிக்கணும். ஒரு நாளைக்கு மேல ஆகும். அதுவரைக்கும் அந்த டர்பைன் சுத்தணும்னா அடுத்த அறையில இருந்து குறுக்குக் குழாய் வழியா நீராவி வாங்கணும். அந்த நேரம் டெக்குல எட்டு விமானம் எரிபொருள் ஊத்தித் தயாரா நின்னா, எதுக்கு முதல்ல நீராவி கொடுப்பீங்க? அதுக்குப் பதில் சொல்லிட்டு மேல பேசுங்க.

ராயபுரம்_தூண்டில்வளைவு:
கேட்டபுல்ட்டுக்கு. அந்த ஷாஃப்டைச் சும்மா சுழல விட்டு, மற்ற ஷாஃப்டில் 10 நாட் ஓடுவேன், விமானத்தில் இரண்டு குண்டைக் கழற்றுவேன். பிரகாஷும் எடையில்தான் விட்டுக்கொடுத்தார்.

காசிமேடு_விசைப்படகு:
10 நாட்டும் செத்த காத்தும்னா ரெண்டு குண்டு பத்தாது அண்ணே. எட்டு மணிக்குள்ள அனுப்பிடுங்க, விடியக்காலைல கொஞ்சம் காத்து நிக்கும். வெயில் ஏறினா அதுவும் போயிடும்.